காத்து நிற்கும் எண்ணெய்

நிந்தவூர்
9 மே 1982

தம்பி ஜவுபருக்கு ராத்தா ஸகியாவின் ஸலாம்.

உன் கடிதம் வந்தது. எல்லோரும் சுகமா என்று ஒரு வரியில் கேட்டுவிட்டு, மிச்சப் பக்கம் முழுக்க துபாயில் அடிக்கிற வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறாய். வெயில் இங்கேயும் அடிக்கிறது. சுகத்தைச் சொல்கிறேன், கேள்.

உம்மாவுக்கு இரண்டு காலிலும் தண்ணீர் இறங்கிவிட்டது. கல்முனைக்குக் கொண்டுபோய் நெஞ்சுப் படம் எடுத்தோம். இருதயம் வீங்கியிருக்கிறதாம். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்றார். இதற்கு மேல் உனக்கு விளக்கம் தேவையில்லை.

உம்மா பயப்படவில்லை. படுத்த இடத்திலிருந்தே வீட்டை ஆளுகிறார். நேற்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஊர்ல எத்தினை பேர் மண் போட்டாலும் என்ட மகன்ட கையால மூணு புடி விழணும் புள்ள. அவனுக்கு எழுது." வாப்பா மௌத்தான அன்று நீ கொழும்பில் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தாய். அதை அவர் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

தங்கச்சி றாஹிலாவின் மாப்பிள்ளை அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டார். நோன்புப் பெருநாள் கழிந்து கலியாணம். நீ அனுப்பியதில் அவளுக்கு வீடு எழும்பிவிட்டது. ஆனால் வெறும் சுவருக்குள் மாப்பிள்ளையை எப்படிக் கூட்டி வருவது? நிற்கிற ஃபேன் ஒன்று, கெசட் ரேடியோ, யன்னல்களுக்குத் துணி. நீ வரும்போது இவை பெட்டியில் வரவேண்டும்.

லீவு முடிந்து துபாய்க்குத் திரும்புகிற நம் ஊர் மீராமுகைதீன் உம்மாவைப் பார்க்க வந்தான். உம்மா அவனைக் கிட்டக் கூப்பிட்டுக் காதுக்குள் என்னவோ சொன்னார். நான் கேட்டால், "அது எனக்கும் ஜவுபருக்கும் உள்ள கதை" என்கிறார். அவன் இன்னொன்றும் சொன்னான். நீ விமான நிலையத்தில் இருக்கும்போது ஊர்ப் பொடியன்மாருக்குப் பெட்டிப் பாரத்தைப் பற்றிப் பயமே இல்லையாம். உண்மையில் உனக்கு அங்கே என்னதான் வேலை? கேட்கிறவர்களுக்கு, பிளேன் ஓட்டுகிறான் என்று சொல்வதா, பெட்டி தூக்குகிறான் என்று சொல்வதா?

ராத்தா


துபாய்
27 மே 1982

அன்புள்ள ராத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்.

இரண்டும் இல்லை. பிளேன் புறப்படுமுன் அதற்கு எவ்வளவு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. கப்டன் பார்த்துக் கையெழுத்து வைப்பார்.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். போகிற இடத்துக்குப் போய்ச் சேர ஒரு பங்கு எண்ணெய். அங்கே இறங்க முடியாமல் போனால் பக்கத்து நகரத்துக்குப் போய்ப் பத்திரமாக இறங்க இன்னொரு பங்கு. இந்த இரண்டிலும் யாரும் கை வைக்க முடியாது, அது சட்டம். மூன்றாவது பங்கு, காத்து நிற்கும் எண்ணெய். பம்பாய் மாதிரி நெருக்கடியான இடத்தில் மழை பிடித்துவிட்டால் வருகிற பிளேன்களையெல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வானத்தில் சுற்ற விடுவார்கள். நம் வயல் வட்டையில் வாய்க்கால் தண்ணீருக்கு முறை பார்த்து நிற்பது போலத்தான். தண்ணீர் பங்கிடுகிற விதானையார் சொல்லாமல் மடையைத் திறக்க ஏலாது. ஆனால் வயல்காரன் வரம்பில் குந்தியிருந்து சுருட்டுப் பற்றலாம், பிளேனால் நிற்க முடியாது. சுற்றச் சுற்ற எண்ணெய் எரியும். மூன்றாவது பங்கு முடிந்துவிட்டால் முறை வந்ததோ இல்லையோ வேறு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இனிப் பெட்டியின் கதைக்கு வருகிறேன். இங்கே வெயில் ஏற ஏற, பிளேன் தூக்கக்கூடிய பாரம் குறையும். அப்போது ஒன்றில் பெட்டிகளை இறக்க வேண்டும், அல்லது அந்த மூன்றாவது பங்கைக் குறைக்க வேண்டும். இறக்கிய பெட்டி அடுத்த பிளேனில் வரும் என்றால் நம்மட ஆட்கள் கேட்கிறார்களா? பெட்டி இல்லாமல் வாசலில் போய் நிற்பதைவிட இங்கேயே கிடக்கலாம் என்பார்கள். நான் எண்ணெயைக் குறைக்க விடுவதில்லை. மீராமுகைதீன் புளுகுகிறான் ராத்தா. உண்மையில் ஊர்ப் பொடியன்மார் என் தலையைக் கண்டால் பெட்டியைக் காலுக்குப் பின்னால் தள்ளுகிறார்கள்.

பெருநாளுக்கு முன் பம்பாய் வழியாக வருவேன். உம்மா சொல்லியனுப்பியது கிடைத்தது, கட்டாயம் கொண்டு வருவேன் என்று அவரிடம் சொல்லுங்கள். என்னவென்று அவரை நெருக்க வேண்டாம். மூன்று பிடி மண் என்ற கதையையும் விடச் சொல்லுங்கள். அவர் இன்னும் கனகாலம் இருப்பார்.

தம்பி ஜவுபர்


நிந்தவூர்
24 ஜூன் 1982

தம்பி ஜவுபருக்கு,

நோன்பு தொடங்கிவிட்டது. உம்மாவை நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மருந்துக் குளிசையை வாயில் போடும்போதெல்லாம் அழுகிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருக்கிறோம்.

நேற்று மாப்பிள்ளையின் உம்மா வந்து புது வீட்டைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு ஸ்டூல் மட்டும் கிடந்தது. அவர் அதில் இருக்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி போய்விட்டார். எனக்கு உயிர் போய் வந்தது.

அதனால் தெளிவாக எழுதுகிறேன். பெட்டி அடுத்த பிளேனில் வரும் என்ற கதை என்னிடம் வேண்டாம். ஊரானுக்கு நீ நீதவானாக இருந்துகொள், உன் தங்கச்சிக்குக் கூடப்பிறந்த நானாவாக வா. வெறுங்கையோடு இந்த வாசலை மிதிக்காதே.

உம்மாவுக்குக் கடுமையானால் தந்தி அடிப்பேன். கிடைத்ததும் பதில் தந்தி அடித்துவிட்டு அன்றே புறப்படு. நீ வருமட்டும் உம்மாவை நான் பார்த்துக்கொள்வேன்.

ராத்தா


துபாய்
14 ஓகஸ்ட் 1982

அன்புள்ள ராத்தா,

வந்து சேர்ந்துவிட்டேன். நீங்கள் ஏசிய பிறகு பெருநாளன்று பள்ளிவாசலில் படுத்துக் கிடந்தவனுக்கு றாஹிலாவின் கையில் சோறு கொடுத்தனுப்பினீர்கள். பயணம் சொல்ல வாசலுக்கு வந்தேன். கதவு திறக்கவில்லை. உள்ளே நீங்கள் நிற்பது யன்னலால் தெரிந்தது. அதனால் வாயால் சொல்ல வேண்டியதை இதில் எழுதுகிறேன்.

உம்மா கடுமை, உடன் வா என்ற தந்தி அன்று காலைதான் என் கையில் கிடைத்தது. அந்த நேரம் உம்மா மௌத்தாகிவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. பதில் தந்தி அடித்துவிட்டு அன்று மத்தியானப் பிளேனில் ஏறினேன். பெருநாளுக்குப் போகிற நம் ஊர் ஆட்கள்தான் அதில் நிறைய. வேலை ஒப்பந்தம் முடிந்து வந்த மீராமுகைதீன் எனக்குப் பக்கத்தில் இருந்தான்.

பம்பாயில் மழை. எங்களுக்கு முன் வந்தவர்கள் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களையும் மேலே சுற்ற விட்டார்கள். மேகத்துக்கு மேலே நின்றதால் எங்களுக்குச் சூரியன் தெரிந்தது. ஒரு சுற்றில் வெயில் இந்தப் பக்க யன்னலுக்கு வரும், பிறகு அந்தப் பக்கத்துக்குப் போகும். கீழே மழை இருட்டு. எங்களுக்குப் பொழுது படவில்லை. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்தபடி எல்லோரும் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நானா, இன்னம் எவ்வளவு நேரம் இரிக்கி?" என்று மீராமுகைதீன் கேட்டான். அவன் கேட்டது நோன்பை. எனக்கு எண்ணெய் ஒன்றுதான் மனதில் ஓடியது.

எங்கள் முறை வருமுன் கப்டன் திருப்பிவிட்டார். அஹமதாபாத்தில் இறக்கினார்கள். திரும்பப் பம்பாய்க்குப் புறப்பட அடுத்த நாள் பகலாகிவிட்டது. இந்த முறை காத்து நிற்க நிறைய எண்ணெய் வேண்டும் என்று கப்டன் பிடிவாதமாக நின்றார். அந்தப் பாரத்துக்கு இடம் விட எல்லோருடைய பெட்டிகளையும் அங்கேயே இறக்கிவிட்டார்கள். எதற்காக நான் வெறுங்கையோடு வந்தேன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

உம்மாவை அடக்கிய மையவாடிக்குப் போனேன். மூன்று பிடி மண் போட்டேன். மேல் மண் அதற்குள் காய்ந்திருந்தது. மழைக்கு யார் என்ன செய்ய முடியும் ராத்தா? அல்லாஹ்வின் நாட்டம்.

ஜவுபர்


நிந்தவூர்
5 செப்டெம்பர் 1982

ஜவுபருக்கு,

அல்லாஹ்வின் நாட்டத்தை எனக்கு நீ படிப்பிக்க வேண்டாம். உன் பக்கத்துக் கதையை எழுதிவிட்டாய். இப்போது என் பக்கத்தைக் கேள்.

விடியற்காலைச் சுபஹு பாங்கு சொல்லும்போது உம்மா போய்விட்டார். உன் பதில் தந்தி பகல் வந்தது. இன்று புறப்படுகிறேன் என்று அதில் இருந்தது. அன்று அஸர் தொழுகையோடு அடக்கிவிடுவோம் என்று பள்ளிவாசல் மரைக்கார் சொல்லியனுப்பினார். என் புருஷன் சரீபைத் தெரியும்தானே, பெரியவர்களுக்கு முன்னால் வாய் திறக்க மாட்டார். நானே முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆண்கள் நின்ற முற்றத்துக்குப் போனேன். "மண் போட மகன் வாறான். உம்மாட கடைசி வஸிய்யத்து. காலைக்கு வந்திருவான்" என்றேன். முணுமுணுத்தார்கள், ஆனால் விட்டுத் தந்தார்கள்.

காலையில் நீ வரவில்லை. திரும்பவும் ஆள் வந்தது. அப்போது நான் பொய் சொன்னேன். தம்பி கொழும்பில் இறங்கிவிட்டான், வான் பிடித்து வந்துகொண்டிருக்கிறான் என்றேன். நோன்பு பிடித்துக்கொண்டு உம்மாவின் தலைமாட்டில் நின்று சொன்னேன். பகல் லுஹர் தொழுகையும் போனது. சாம்பிராணிப் புகையையும் மீறி வந்த வாடையை நான் எழுதப் போவதில்லை. உம்மாவைக் குளிப்பாட்டிய ஸுலைஹா மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மய்யித்துக்கும் நோகும் புள்ள, இனி வுடு" என்றார். மய்யித்துக்கு உடுத்தச் சரீப் கல்முனையில் வாங்கி வந்த கஃபன் துணி முதல் நாள் போதும் போலத்தான் இருந்தது. உடுத்தும் நேரம் பார்த்தால் அகலம் போதவில்லை. உடம்பு அப்படி ஆகிவிட்டது. ஒட்டுப் போட்டுத்தான் உடுத்தினோம். இரண்டாம் நாள் அஸரோடு அடக்கினார்கள்.

அதற்கு மறு நாள் நீ வாசலில் நின்றாய். உன் கையைப் பார்த்தேன், வெறுங்கை. என் வாய்க்கு வந்ததெல்லாம் வந்துவிட்டது. உம்மாவின் ஜனாஸாவைக் கெட வைத்தவள் என்று ஊர் இன்றைக்கும் என்னைத்தான் சொல்கிறது. உன்னை ஒருவரும் சொல்வதில்லை, நீ வானத்தில் இருந்தாய்.

மழை என்று நம்பித்தான் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தேன். போன கிழமை சரீப் தேநீர்க் கடையில் ஒரு கதை கேட்டுவிட்டு வந்தார். உன்னோடு வந்த மீராமுகைதீன் இன்னும் திரும்பிப் போகவில்லை. கடையில் எல்லோரும் கேட்கச் சொன்னானாம். "ஜவுபர் நானா நல்ல மனிசன். அண்டைக்கு எங்கட பெட்டி எல்லாத்தையும் இறக்கப் போனாங்க. அவருதான் காத்து நிக்கிற எண்ணெயக் குறைச்சிட்டுப் பெட்டிய ஏத்தித் தந்தாரு." நீ நல்லது செய்ததாகத்தான் அவன் சொல்லியிருக்கிறான். ஊரும் அப்படித்தான் கேட்டுக்கொண்டது. உன் கடிதத்தைத் தேடி எடுத்து நான் திரும்பவும் படித்தேன். எண்ணெயைக் குறைக்க விடுவதில்லை என்று எழுதியிருக்கிறாய்.

நான் இங்கே உம்மாவை வைத்துக்கொண்டு காத்து நின்றேன் தம்பி. அந்த நேரம் நீ பெட்டிக்காகவா பிளேனைத் திருப்ப விட்டாய்? ஓம் அல்லது இல்லை என்று எழுது.

ஸகியா


துபாய்
26 செப்டெம்பர் 1982

ராத்தா,

ஓம்.

இதோடு நிறுத்த நினைத்தேன். ஆனால் நீங்கள் எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்று காலை நான் வேலையில் இருந்தேன். மத்தியானம் அதே பிளேனில் ஏற வேண்டும். வெயில் உச்சத்தில். பெட்டிகளை இறக்கு, உன்னுடையதையும் சேர்த்து என்று மேலாளர் சொன்னார். வெளியே வந்து சொன்னேன். ஒருவனுக்கு மகள் பிறந்து முகம் பார்க்கவில்லை, இன்னொருவனுக்குத் தங்கச்சியின் கலியாணம். பெரிய ஆம்பிளைகள் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அப்படி அழுகிறவர்களை நான் முன்பும் கண்டிருக்கிறேன், அதற்கு நான் இளகுகிறவன் அல்ல. ஆனால் அன்று என் பெட்டியும் அங்கே நின்றது. வெறுங்கையோடு வாசலை மிதிக்காதே என்ற உங்கள் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. மற்றவர்களுடையதை இறக்கிவிட்டு என்னுடையதை மட்டும் ஏற்ற என்னால் முடியாது. என்னுடையதை விட்டுவிட்டும் வர முடியாது. மூன்றாவது பங்கை வெட்டினேன். பம்பாயில் மழை குறைகிறது என்று அறிக்கை சொன்னது. எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று கப்டன் கேட்டார். கொஞ்ச நேரம், இன்று அது போதும் என்றேன். அவர் என்னை நம்பிக் கையெழுத்து வைத்தார். சட்டப்படி எல்லாம் சரி. என்னை ஒருவரும் விசாரிக்கவில்லை.

எங்களுக்குப் பின்னால் வந்து சுற்றியவர்கள் இறங்கிவிட்டார்கள். இங்கே வந்த பிறகு அதைக் கேட்டு அறிந்தேன். இன்னும் ஒரு கால் மணி நேரம் நின்றிருந்தால் நாங்களும் இறங்கியிருப்போம். கொழும்புப் பிளேன் கிடைத்திருக்கும். நீங்கள் பொய் சொல்லுமுன் நான் முற்றத்தில் நின்றிருப்பேன். இதை உங்களிடமிருந்து மறைத்துத்தான் மழை என்று எழுதினேன்.

இப்போது எல்லாப் பிளேனுக்கும் எண்ணெயைக் கூட்டிப் போடுகிறேன். இவ்வளவு எதற்கு என்று கப்டன்மார் கேட்கிறார்கள். ஊர்ப் பெட்டிகள் இங்கே நிலத்தில் அடுக்கிக் கிடக்கின்றன. பொடியன்மார் எனக்கு ஸலாம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

ராத்தா, நான் இனி ஊருக்கு வருவதாக இல்லை. றாஹிலாவுக்கும் உங்களுக்கும் அனுப்புவதை அனுப்பிக்கொண்டிருப்பேன். என் பெட்டி கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்துவிட்டதாம். அதை எடுக்கிற துண்டுச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், சரீப் மச்சானை அனுப்புங்கள். மேலே இருப்பதெல்லாம் றாஹிலாவுக்கு. அடியில் இருப்பது உம்மா மீராமுகைதீனிடம் சொல்லியனுப்பிக் கேட்டது. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே பாருங்கள்.

ஜவுபர்


நிந்தவூர்
12 நவம்பர் 1982

தம்பி ஜவுபருக்கு ராத்தாவின் ஸலாம்.

சரீபும் மீராமுகைதீனும் போய்ப் பெட்டியை எடுத்து வந்தார்கள். நீ கட்டிய கயிறு அப்படியே இருந்தது. றாஹிலாவின் கலியாணம் போன மாதம் சத்தமில்லாமல் முடிந்துவிட்டது, அது உனக்குத் தெரியும். அந்த ஸ்டூலில்தான் மாப்பிள்ளை இருந்தார். நல்ல பொடியன். ஃபேனையும் ரேடியோவையும் துணியையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். ஃபேன் சுற்றுகிறது.

எல்லாம் எடுத்த பிறகு அடியில் பொலித்தீனில் சுற்றிய பொதி இருந்தது. பிரித்தேன். வெள்ளைத் துணி. மேலே உன் கையெழுத்தில் உம்மாவுக்கு என்று எழுதியிருந்தது. என்ன என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. மீராமுகைதீன் கதவடியில் நின்று சொன்னான். "ஸம்ஸம் தண்ணில கழுவின கஃபன் ராத்தா. மக்காக்குப் போன ஒராள்கிட்டக் குடுத்துக் கழுவி எடுத்தாரு. கையில கொண்டு போங்க நானா எண்டு சொன்னேன். உசிரோட இரிக்கிற உம்மாக்குக் கஃபனக் கையில தூக்கிட்டுப் போறதா, அபசகுனம் எண்டு பெட்டிக்குள்ள மறைச்சிட்டாரு."

காதுக்குள் சொன்ன கதை அதுதான். நான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

தம்பி, அந்தத் துணியில் பாரமே இல்லை. றாஹிலாவின் தாவணி ஒன்றைத் தூக்குவது போலத்தான் இருந்தது. கைப்பையில் வைத்திருந்தால் பெட்டியை விட்டுவிட்டு வந்திருப்பாய். பெட்டியை விட்டுவிட்டு வந்திருந்தால் என்று யோசிக்கத் தொடங்கினால் எனக்கு முடிவு தெரியவில்லை. பெட்டி இல்லாமல் மிதிக்காதே என்று எழுதியவள் நான். அதை நீ ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். எனக்கு இரவு பகலாக அது ஒன்றுதான் நினைவு. எழுதித் தபாலில் போட்டதை இனி அழிக்க முடியாது.

துணியை விரித்துப் பார்த்தேன். நல்ல அகலம். உம்மாவுக்கு ஒட்டுப் போட்டிருக்கத் தேவையில்லை. அவர் மண்ணுக்குள் கடைத் துணியோடு கிடக்கிறார். அவர் ஆசைப்பட்டது என் மடியில் கிடந்தது. அன்றுதான் நான் நன்றாக அழுதேன். ஜனாஸா வீட்டில் எனக்கு அழ நேரம் இருக்கவில்லை, பொய் சொல்லவே நேரம் போதவில்லை.

அந்தத் துணியை மடித்து என் அலுமாரியில் வைத்துவிட்டேன். அது எனக்கு. றாஹிலாவைக் கூப்பிட்டுச் சொல்லி வைத்திருக்கிறேன். நான் மௌத்தானால் எவருக்காகவும் என்னைப் பிடித்து வைக்கக் கூடாது, வருகிற முதல் தொழுகையோடு அடக்கிவிட வேண்டும். மகன் வருகிறான், தம்பி வருகிறான் என்று ஒருவரும் முற்றத்தில் நின்று கெஞ்சக் கூடாது. நான் நின்ற நிலை அவளுக்கு வேண்டாம்.

ஆகவே எனக்கு மண் போட வர உனக்கு நேரம் காணாது. நீ எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் காணாது.

நான் இருக்கும்போது வா. பெட்டி ஒன்றும் வேண்டாம். வெறுங்கையோடு வா.

ராத்தா